வாக்குச் சாவடிக்கு முன்பே முடிந்துவிடும் தேர்தல்

தேர்தல் அறிவிப்பு வெளியான மறுநாள் நாஞ்சில் நாட்டில் எங்கே போனாலும் ஒரே கேள்விதான் காதில் விழும். கோட்டாற்றுக் கடைத்தெருவில், இடலாக்குடித் திண்ணைகளில், தக்கலைச் சந்திப்பில், குளச்சல் கடற்கரையில், தேங்காய்ப்பட்டணத்துத் தேநீர்க் கடையில், எங்கும் அதே கேள்வி: "சீட் யாருக்காம்?"

அந்தக் கேள்வியைச் சற்றே கவனியுங்கள். ‘யாரை நிறுத்தலாம்?’ என்று நாம் கேட்பதில்லை. ‘யாருக்காம்?’ என்றே கேட்கிறோம். சீட் எங்கோ இருக்கிறது, யாரோ கொடுக்கிறார், யாரோ பெறுகிறார், செய்தி மட்டும் நம்மிடம் வந்து சேர்கிறது. மாப்பிள்ளையை யாரோ பார்த்து, யாரோ பேசி, நாளும் குறித்து, பத்திரிகையும் அச்சடித்த பிறகு மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்பது எப்படியோ, அப்படித்தான் நம்மிடம் வாக்குக் கேட்கப்படுகிறது. நாமும் விரலில் மை வைத்துக்கொண்டு, ஜனநாயகக் கடமையை ஆற்றிவிட்டோம் என்ற திருப்தியோடு வீடு திரும்புகிறோம்.

உண்மை வேறு. தேர்தல்கள் இரண்டு. வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது முதல் தேர்தல். வேட்பாளர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது இரண்டாம் தேர்தல். முதல் தேர்தலைப் பணத்துக்கும் பத்திரிகைக்கும் தரகருக்கும் விட்டுக்கொடுத்துவிட்ட மக்கள், இரண்டாம் தேர்தலில் எத்துணை நேர்மையாக வாக்களித்தாலும் பாதி தோற்றவர்களே. இதைச் சொல்லவே இக்கட்டுரை.

படித்த நண்பர் சிலர் இந்நோய்க்கு உடனே ஒரு மருந்து சொல்வார்கள். "அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே வேட்பாளரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலந்தோறும் முதனிலைத் தேர்தல் வைத்து, எந்தக் கட்சிக்கு யார் ஜனாதிபதி வேட்பாளர் என்று வாக்காளரே முடிவு செய்கிறார்கள். அந்த முறை இங்கே வந்துவிட்டால் மேலிடத்தின் ஆதிக்கம் ஒழியும்" என்பது அவர்கள் வாதம். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் வாதம்தான். ஆகவே அந்த மருந்தை அவர்கள் நாட்டிலேயே வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் வேட்பாளரை முடிவு செய்தவர்கள் கட்சிப் பெருந்தலைகளே. 1968இல் வியட்நாம் போரால் நாடே கொதித்துக்கொண்டிருந்தபோது, ஜனநாயகக் கட்சியின் மகாநாடு சிகாகோ நகரில் கூடியது. வெளியே போலீஸ் தடியடி. உள்ளே, முதனிலைத் தேர்தல் எதிலும் போட்டியிடாத துணை ஜனாதிபதி ஹியூபர்ட் ஹம்ஃப்ரி வேட்பாளர் ஆக்கப்பட்டார். இந்த அநீதியைப் பொறாமல் எழுந்த குரலின் விளைவாகவே விதிகள் மாற்றப்பட்டன. 1972 முதல் முதனிலைத் தேர்தலே வேட்பாளரை முடிவு செய்யும் பிரதான வழியாயிற்று.

பெருந்தலைகள் வெளியேறிய வாசல் வழியே உள்ளே வந்தவர்கள் யார்? பணக்காரரும், தொலைக்காட்சியும், லாபிக்காரரும்தாம். லாபி என்பது சட்டமன்றத்தின் முன்கூடம். அங்கே காத்திருந்து, வருகிற போகிற உறுப்பினரைப் பிடித்துத் தம் காரியத்தைச் சாதித்துக்கொள்பவர்களுக்கு அந்த இடத்தின் பெயரே பெயராயிற்று. தேர்தல் செலவுக்கு வரம்பு விதிப்பது பேச்சுரிமைக்கு விரோதம் என்று 1976இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பெனிகளும் தனித்து நின்று கணக்கின்றிச் செலவிடலாம் என்று 2010இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. பணமே பேச்சு என்றால், பணமில்லாதவன் ஊமை என்பதுதானே பொருள்?

பத்திரிகையும் தொலைக்காட்சியும் செய்வது இன்னும் நுட்பமான வேலை. ஜனாதிபதி வேட்பாளர் தேர்வு பல்லாண்டுகளாக அயோவா என்ற சிறு மாநிலத்தில் தொடங்கி வந்தது. அது சோளம் விளையும் பூமி. சோளத்திலிருந்து வடிக்கும் எத்தனாலைப் புகழ்ந்து இரண்டு வார்த்தை சொல்லாமல் அங்கே வாக்குக் கேட்பது கடினம் என்பது அந்நாட்டு அரசியலில் பழகிப்போன பரிகாசம். 2004 ஜனவரியில் ஹோவர்டு டீன் என்பவர் அயோவாவில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அன்றிரவு தொண்டர்களை உற்சாகப்படுத்த அவர் போட்ட ஒரு கூச்சலைத் தொலைக்காட்சிகள் சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்பக் காட்டின. ஈராக் போரை எதிர்த்து அவர் சொன்னவை மறைந்தன, கூச்சல் நின்றது. 2016இல் ட்ரம்ப் என்ன சொன்னாலும் அதை நேரலையாகக் காட்டினார்கள். இந்தத் தேர்தல் களம் அமெரிக்காவுக்கு நல்லதோ இல்லையோ, தம் நிறுவனத்துக்கு மிக நல்லது என்ற கருத்தில் ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனத்தின் தலைவரே அவ்வாண்டு வெளிப்படையாகப் பேசினார். வியாபாரி உண்மை பேசிய அபூர்வமான தருணம் அது.

"பணமே எல்லாம் என்றால் புளூம்பெர்க் ஏன் தோற்றார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020இல் அந்தக் கோடீசுவரர் சுமார் நூறு கோடி டாலர் சொந்தப் பணத்தைக் கொட்டியும், மார்ச் 3ஆம் நாள் நடந்த பெரும் வாக்கெடுப்பில் அமெரிக்கன் சமோவா என்ற சின்னஞ்சிறு தீவுக் கூட்டத்தில் மட்டுமே முதலிடம் பெற்றார். ஆம், பணம் ஒருவனை அரியணையில் ஏற்றாமல் போகலாம். ஆனால் பணமில்லாதவனை வாசலிலேயே நிறுத்திவிடும். வென்றவர் யார் என்று பார்ப்பதைவிட, களத்துக்கே வர முடியாமல் போனவர் எத்தனை பேர் என்று பார்ப்பதே அறிவு.

நம் சமுதாயத்தின் நெஞ்சைத் தொடும் செய்தியும் இதில் உண்டு. காஸாவில் போர்நிறுத்தம் வேண்டும் என்று குரல் கொடுத்த ஜமால் போமன், கோரி புஷ் என்ற இரண்டு காங்கிரஸ் உறுப்பினர்கள் 2024ஆம் ஆண்டின் முதனிலைத் தேர்தல்களில் தம் கட்சியினரிடமே தோற்றார்கள். இஸ்ரேல் ஆதரவு லாபியான ஐபாக்கின் தேர்தல் நிதி அமைப்பு, போமனைத் தோற்கடிக்க 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேலும், புஷ்ஷைத் தோற்கடிக்க 80 லட்சம் டாலருக்கு மேலும் செலவிட்டது. அவர்கள் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு; மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் வந்த விளம்பரங்கள் பெரும்பாலும் இஸ்ரேலைப் பற்றியோ காஸாவைப் பற்றியோ பேசவே இல்லை! பணம் கொடுத்த காரணம் ஒன்று; மக்களிடம் சொன்ன காரணம் வேறொன்று. லாபியின் முழு இலக்கணமும் இதில் அடங்கியிருக்கிறது.

அதே ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், மிச்சிகன் மாநில ஜனாதிபதி முதனிலைத் தேர்தலில், டியர்பார்ன் நகரத்து அரபு மக்களும் முஸ்லிம்களும் முன்னின்று, ‘எவருக்கும் இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் விழச் செய்தார்கள். கோடி கோடியாய்ப் பணமில்லாதவர்களின் எதிர்ப்பு அது. பைடனே வென்றார், அவரது காஸாக் கொள்கையின் அடிப்படை மாறவில்லை. ஆனால் ஜூன் 27ஆம் நாள் தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் அவர் தடுமாறியதும், பத்திரிகைத் தலையங்கங்கள் விலகச் சொல்லின. பெருங்கொடையாளர்கள் நன்கொடையை நிறுத்துவோம் என்றார்கள். ஜூலை 21ஆம் நாள் அவர் விலகினார். அவரது முதுமை பற்றிய ஐயம் மக்களிடமும் இருந்தது மெய்யே. என்றாலும், ஒரு லட்சம் வாக்காளர் வரிசையில் நின்று சொன்னதற்கு அசையாத கட்சி, ஒரு மாலைநேரத் தொலைக்காட்சிக்கும் சில பணப்பைகளுக்கும் நான்கு வாரத்துக்குள் அசைந்ததா இல்லையா? அவ்வாண்டு ஜனாதிபதி பதவிக்கென ஒரு முதனிலைத் தேர்தலிலும் நில்லாத துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸ் வேட்பாளர் ஆனார். கட்சி மகாநாடு கூடிய நகரம்? அதே சிகாகோ! 56 ஆண்டுகள் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

ஆகவே நண்பர்களே, சடங்கை மட்டும் இறக்குமதி செய்து பயனில்லை. வாக்குப் பெட்டியை இரண்டாக்கினால் ஜனநாயகம் இரட்டிப்பாகிவிடாது. அந்தப் பெட்டியைச் சூழ்ந்து நிற்கும் பணத்தையும், அதன்மேல் வெளிச்சம் போடும் ஊடகத்தையும் மக்கள் கண்காணிக்காதவரை, முதனிலைத் தேர்தலும் ஏலமே.

இனி நம் மண்ணுக்கு வருவோம். பணத்துக்கும் வாக்குக்கும் உள்ள உறவு இங்கே புதியதன்று. நாம் திருவிதாங்கூர்க் குடிகளாய் இருந்த காலத்தில், நிலவரி கட்டுவோருக்கே வாக்குரிமை என்றிருந்தது. நிலம் இல்லாதவன் சமஸ்தானத்துக்கு அன்னியன்போல் நின்றான். 1932ஆம் ஆண்டின் சட்டமன்றச் சீர்திருத்தம் இந்த அநீதியைத் தீர்க்காததைக் கண்டு, ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் ஒன்றுசேர்ந்து நிவர்த்தனக் கிளர்ச்சி நடத்தினார்கள். சட்டமன்றம் புகுவதைவிட, நியாயமற்ற தேர்தலிலிருந்து விலகி நிற்பதே மேல் என்று அவர்கள் துணிந்தார்கள். பின்னர் மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் எழுந்தது. 1954ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி 12 இடங்களை வென்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தமிழர் உயிர் துறந்தார்கள். 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அந்த நாளைய வேட்பாளருக்குச் சீட் கொடுத்தது போராட்டம்; சிபாரிசன்று.

இன்று நிலவரி கட்டாதவனுக்கும் வாக்குண்டு. ஆனால் பணம் கட்டாதவனுக்கு வேட்பு இல்லை. சட்டம் போயிற்று, அதே அநீதி வழக்கமாய் வந்து அமர்ந்துவிட்டது. பெரிய மாநிலங்களில் நாடாளுமன்ற வேட்பாளர் ஒருவர் 95 லட்சம் ரூபாயும், சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாயும் செலவிடலாம் என்று 2022இல் வரம்பு உயர்த்தப்பட்டது. கட்சி செலவிடுவதற்கோ வரம்பே கிடையாது. வேலிக்குக் கதவு வைத்துவிட்டுச் சுவரை இடித்துவிட்டதுபோல் இருக்கிறது இந்தச் சட்டம்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? 2018இல் தேர்தல் பத்திரம் என்றொரு திட்டம் வந்தது. யார் யாருக்குக் கொடுத்தார் என்பது வாக்காளனுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதே ஏற்பாடு. 2024 பிப்ரவரி 15ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அதைச் செல்லாது என்றார்கள். மறுமாதம் கணக்கு வெளியானது. பாரதீய ஜனதா கட்சிக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல். நம் மாநிலத்து ஆளுங்கட்சியாய் அன்று இருந்த திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு 656 கோடிக்கு மேல். அதில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து. 2003 முதல் லாட்டரிச் சீட்டு விற்பனை தடை செய்யப்பட்ட மாநிலம் தமிழகம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஏழையின் கையில் லாட்டரிச் சீட்டு குற்றம். கட்சியின் கையில் லாட்டரிப் பணம் நன்கொடை!

லாபிக்காரர் நம் நாட்டிலும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் பெயரைப் பதிவு செய்து கணக்குக் காட்ட வேண்டும். இங்கே அதுவும் இல்லை. 2010 நவம்பரில் வெளியான நீரா ராடியா ஒலிப்பதிவுகளை மறந்துவிடாதீர்கள். பெருங்கம்பெனிகளின் லாபிக்காரர் ஒருவர், 2009இல் மத்திய மந்திரி சபையில் தமிழகக் கட்சிக்கு எந்த இலாகா, யாருக்கு என்று அரசியல்வாதிகளோடும் புகழ்பெற்ற பத்திரிகையாளர்களோடும் தொலைபேசியில் உரையாடியதை நாடே கேட்டது. அந்த உரையாடல்களில் குற்றம் எதையும் காணவில்லை என்று மத்தியப் புலனாய்வுத் துறை 2022இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. நான் அதை மறுக்கவில்லை. என் அச்சமே அதுதான்: இவ்வளவும் சட்டப்படி குற்றமில்லாமலே நடக்கலாம்!

பத்திரிகையின் நிலை என்ன? 2009ஆம் ஆண்டு மகாராஷ்டிரத் தேர்தலில் ஒரு தலைவரைப் புகழும் ஒரே கட்டுரை, சொல் மாறாமல், வெவ்வேறு பத்திரிகைகளில் வெவ்வேறு செய்தியாளரின் பெயரில் வெளிவந்தது. விளம்பரத்துக்குச் செய்தி என்று வேடம் போட்ட அந்த வியாபாரத்தை விசாரிக்க இந்தியப் பத்திரிகை மன்றம் ஒரு குழுவை அமைத்தது. குழு பத்திரிகைகளின் பெயரைச் சொல்லி அறிக்கை கொடுத்தது. மன்றமோ 2010இல் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. முழு அறிக்கை தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே 2011இல்தான் வெளிவந்தது. கள்வனைப் பற்றிய செய்தியைக் கள்வன் வீட்டிலேயே கொடுத்து வைத்த கதை! தமிழகத்திலோ, 1993இல் சன், 1999இல் ஜெயா, 2007இல் கலைஞர் என்று, கட்சிக்காரரும் அவர்தம் குடும்பத்தாரும் அன்பரும் தொலைக்காட்சி நிலையங்களை நடத்தி வந்திருக்கிறார்கள். வாதியும் அவரே, சாட்சியும் அவரே, தீர்ப்பை வாசிப்பவரும் அவரே.

இந்த இருட்டில் நம் பழைய சமஸ்தானத்தின் விளக்கு ஒன்றை நினைவுபடுத்த விரும்புகிறேன். வக்கம் அப்துல் காதர் மௌலவி என்ற மார்க்க அறிஞர் 1905இல் ‘சுதேசாபிமானி’ பத்திரிகையைத் தொடங்கினார். ராமகிருஷ்ண பிள்ளையை ஆசிரியராக அமர்த்தி, எழுதும் சுதந்திரத்தை முழுமையாக அவரிடம் விட்டார். திவானின் ஊழலை அவர் எழுதினார். 1910 செப்டம்பர் 26ஆம் நாள் அரசு அச்சகத்தைப் பறிமுதல் செய்தது. ஆசிரியரை நாடு கடத்தி, எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோய் விட்டது. மௌலவி தம் பொருளை இழந்தார். ஆனால் அச்சகத்தை மீட்பதற்காக அரண்மனை வாசலில் பணிந்து நிற்கவில்லை. முஸ்லிம் முதலாளி, இந்து ஆசிரியர், இருவருக்கும் பொதுவான எஜமானன் உண்மை ஒன்றே. இன்று எத்தனை பத்திரிகை முதலாளிகள் அந்த விலையைக் கொடுப்பார்கள்?

பிறரைக் குறை கூறியது போதும். நம் வீட்டுக்குள் வருவோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குமரி மாவட்ட மக்களில் நாம் நூற்றுக்கு நால்வர். எண்ணிக்கையில் சிறியவர்கள் என்பதாலேயே நம் வாக்கை மொத்தமாக விலைபேசும் தரகர்கள் தோன்றுகிறார்கள். "எங்கள் ஆட்கள் வாக்கு இத்தனை, வாங்கித் தருவது என் பொறுப்பு" என்று கட்சிக் காரியாலயத்தில் போய் நிற்பவர், வாஷிங்டன் லாபிக்காரரின் ஏழைத் தம்பி அல்லாமல் வேறு யார்? ஜமாஅத்தின் பெயரால் முடிவு செய்ய அவருக்கு அனுமதி கொடுத்தது யார்? ஊர்க் கூட்டத்தில் கேட்டாரா? பெண்களின் கருத்தைக் கேட்டாரா? கபர்ஸ்தான் சுற்றுச்சுவருக்கு ஒரு தொகை, பள்ளிவாசல் வெள்ளையடிப்புக்கு ஒரு தொகை என்று வாங்கும்போது, அது நன்கொடை என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்கிறோம். லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் சேர்த்தே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்பதை வெள்ளி மேடையில் கேட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை உறையை வாங்கலாமா? ஆர்.கே. நகர்த் தேர்தல் 2017இலும், வேலூர்த் தேர்தல் 2019இலும் பணப் பட்டுவாடாவின் காரணமாக நிறுத்தப்பட்டபோது நாம் சிரித்தோம். சிரிக்கும் தகுதி நமக்கு உண்டா?

வாக்கு ஓர் அமானிதம். அமானிதத்தை அதற்குரியவரிடம் ஒப்படைக்குமாறு திருமறை கட்டளையிடுகிறது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் நம் முன்னோர் வழி காட்டியிருக்கிறார்கள். மரணப் படுக்கையில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அறுவர் கொண்ட ஆலோசனைக் குழுவை அமைத்தார்கள். தம் மகன் அப்துல்லாஹ் ஆலோசனையில் அமரலாம். பதவிக்கு உரியவர் அல்லர் என்று வரையறுத்தார்கள். அறுவருள் ஒருவரான அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள், முதலில் தம் பெயரை விலக்கிக்கொண்டு, பின்னரே தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்றார்கள். மூன்று நாள் மதீனாவில் தூக்கமின்றி அலைந்து, படைத்தலைவரையும் சாமானியரையும், வழிப்போக்கரையும், வீட்டுக்குள் இருந்த பெண்களையும்கூட விசாரித்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மகனை விலக்கியது ஒன்று. தேர்ந்தெடுப்பவர் தம் ஆசையை விலக்கியது இரண்டு. ஊரைக் கேட்டது மூன்று. இந்த மூன்றில் எதைச் செய்கின்றன நம் கட்சிகள்?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. வேட்பாளரைத் தொகுதி உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் அதற்கு முன் கட்சியின் செலவுக்கு வரம்பும், நன்கொடைக்குப் பகிரங்கமும், லாபிக்காரருக்குப் பதிவும் சட்டமாகட்டும். இவை வரும்வரை கைகட்டி இருக்க வேண்டாம். வேட்பாளர் தாக்கல் செய்யும் சொத்துக் கணக்கும் வழக்கு விவரமும் அடங்கிய பிரமாணப் பத்திரம் எவருக்கும் கிடைக்கிறது. ஊர் நூலகத்தில் அதைப் படித்துக் காட்ட ஒரு மாலைப்பொழுது போதும். ஒரு செய்தியை ஒரே பத்திரிகையில் படித்து நம்பாமல், எதிரணிப் பத்திரிகையிலும் படிக்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம். ஜமாஅத் மார்க்கக் காரியங்களுக்குத் தலைமை தாங்கட்டும். எவருக்கு வாக்கு என்று அறிவிக்கும் பொறுப்பைத் தன் தலைமேல் ஏற்றுக்கொள்ள வேண்டாம். வேட்பாளர்களை ஒரே மேடையில் அழைத்துவைத்து ஊரார் கேள்வி கேட்க இடம் கொடுத்தால், அதுவே ஜமாஅத்துக்குப் பெருமை.

அடுத்த தேர்தலிலும் ஜும்ஆத் தொழுகை முடியும் நேரம் பார்த்து வேட்பாளர் பள்ளிவாசல் வாசலில் வந்து நிற்பார், கைகொடுப்பார், ஸலாம் சொல்வார். பதில் ஸலாம் சொல்லுங்கள், அது நம் பண்பு. சொல்லிவிட்டு, கையை விடுமுன் மரியாதையாக இரண்டே கேள்வி கேளுங்கள்: "உங்களை எங்களிடம் அனுப்பியவர் யார்? இந்தச் செலவு யாருடைய பணம்?"

இந்த இரண்டுக்கும் நேராகப் பதில் சொல்லத் தெரிந்தவர் எந்தக் கட்சியினராய் இருந்தாலும் அவரை உட்காரவைத்துப் பேசுவோம். பதில் சொல்லாமல் அடுத்தவர் கையைப் பிடிக்கப் போகிறவருக்கு, நம் அமானிதத்தின்மேல் எந்தப் பாத்தியதையும் இல்லை.